ஹமீதாக்காவின் கையும் இரண்டாம் பரிசும்

சுங்கை மெங்குவாங் தோட்டத்துக்குள் தபால்காரர் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு நாள் சாலையில் சேறு என்பார், இன்னொரு நாள் நாய் துரத்துகிறது என்பார். உண்மையான காரணம் வேறு. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் எதற்கும் எண் கிடையாது. ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும்தான் முகவரி. அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினால் அவர் அடுத்த ஊரான பாசிர் பெனம்பாங் போய்ச் சேர மாலையாகிவிடும். அதனால் தோட்டத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் முச்சந்தியில் இருக்கும் ஹமீதாக்காவின் சாப்பாட்டுக்கடையில் கொடுத்துவிட்டு, ஒரு தே தாரேக் டீ குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்.

ஹமீதாக்கா அவற்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் நிறுத்தி வைப்பார். பசியாற வருகிறவர்களிடம் ரொட்டித் தட்டோடு கடிதத்தையும் நீட்டுவார். மலாயில் எழுதியிருந்தால் படித்தும் சொல்வார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நான் ரவாங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவன். பெயர் புவனேசன். விடிவதற்கு முன்னால் அந்தக் கடை வாசலில்தான் வேனை நிறுத்துவேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்வரை எனக்கு அங்கே வேலை, டீ குடிப்பதும் அடுத்தவர் பேச்சைக் கேட்பதும்தான். ஆகவே இந்தக் கதையில் நான் சொல்வது முக்கால்வாசி நானே பார்த்தது. மீதியை ஹமீதாக்காவே சொல்லியிருக்கிறார்.

அவருடைய அத்தா தொண்டியிலிருந்து வந்து கோலசிலாங்கூரில் மசாலா சாமான் விற்றவர். ஹமீதாக்கா இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் பாரம்வரை படித்தார். அதற்குமேல் படிக்க ஆசை இருந்தது, வீட்டில் விடவில்லை. ரொட்டி வீசுவதில் கெட்டிக்காரரான அபுபக்கர் பாய்க்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருவரும் சேர்ந்து முச்சந்தியில் தகரக்கூரை போட்டு ஓர் ஒட்டுக்கடை ஆரம்பித்தார்கள். அது மெதுவாகச் சுவர் வைத்து, மின்விசிறி மாட்டி, இன்றைக்கு இருக்கிற கடையாக வளர்ந்தது. பாய் வாயைத் திறப்பதே அபூர்வம். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவார். கல்லா, கணக்கு, கோபம், சிரிப்பு எல்லாம் அக்காவுடையது. மாவும் கல்லும் பாயுடையது.

அக்காவுக்குக் கைராசி உண்டு என்று எப்போது பேச்சு கிளம்பியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. தோட்டத்து முருகையாவின் மகன் யுவனேஸ்வரனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் அக்கா கையால்தான் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளில் பாதியைக் கழித்துவிட்ட வேலம்மாவுக்கு நீல அடையாள அட்டை கிடைக்கப்போகிறது என்ற கடிதமும் அவர் கையால்தான் வந்தது. வேலம்மா அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அவ்வளவுதான், பேச்சு பற்றிக்கொண்டது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் கல்லாவில் போடும் முதல் வெள்ளி நோட்டை அக்காவிடம் வாங்கிப் போனார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் பேனாவை அக்கா தொட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. போலீஸ் சம்மனும், மின்சாரம் வெட்டப்போவதாக வந்த எச்சரிக்கையும்கூட அதே கையால்தான் வந்தன. அவற்றை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சனங்களின் கணக்கு எப்போதும் அப்படித்தான்.

நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேட்டு வந்தவர்களை மட்டும் அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினார். சூதுக்குத் தன் கையைக் கேட்காதே என்று கறாராகச் சொல்லிவிட்டார். மற்றபடி அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

ஒரு பக்கம் கைராசிக்காரர் இருந்தால் இன்னொரு பக்கம் ராசியில்லாதவர் ஒருவர் வேண்டுமே. அது சேதுண்ணன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அறுபதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் முதல் ஆளாகப் போணி செய்த ஒரு நாளில் கடையின் மின்விசிறி கழன்று விழுந்தது. அவர் கையால் முன்பணம் கொடுத்து வாங்கிய முருகையாவின் புது மோட்டார் சைக்கிள் அந்த வாரமே களவு போனது. அவர் தட்டு தூக்கிப்போன ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது. இப்படி நாலைந்தைச் சேர்த்துக் கட்டி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சேதுண்ணன் காலையில் வந்தால் நேரே கடைக்குள் நுழைவதில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம், பேருந்து நிற்குமிடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருப்பார். வேறு யாராவது முதலில் டீக்குக் காசு கொடுக்கும்வரை காத்திருப்பார். கொடுத்த பிறகுதான் சாலையைக் கடப்பார். வராதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. மழை பெய்தாலும் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பதைக் கடைக்குள்ளிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கூப்பிடவும் இல்லை.

கொரோனா ஓய்ந்த மறு வருடம் அந்தக் கடிதங்கள் வரத் தொடங்கின. தடித்த உறை. பளபளக்கும் தாள். தங்க எழுத்தில் ஹாங்காங் கம்பெனி ஒன்றின் பெயர். உள்ளே பெரிய ஓட்டல் படம் ஒன்று, கோட்டு போட்ட ஓர் ஆளின் படம் ஒன்று, கூடவே சுரண்டிப் பார்க்கிற அட்டை. முதல் உறை நல்லம்மாள் பெயருக்கு வந்தது.

நல்லம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணவன் போய்ப் பல வருடம். மகன் பவனேஷ் என் வேனில் ரவாங்குக்கு வேலைக்கு வருகிறவன். நல்லம்மாள் தோட்டத்தில் மருந்தடித்தும் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவியும் காசு சேர்த்தவர். தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது, லயங்களை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். புஞ்சாக் ஆலாமில் ஒரு மலிவு விலை வீடு. அதற்கு மனுப்போட்டு, பெயரும் வந்துவிட்டது. முன்பணம் வங்கியில் தயாராக இருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டிவிட்டால் வீடு அவருடையது. கதவில் நம்பர் போட்ட வீடு வேண்டும், தன் கடுதாசி தன் வீட்டுக்கே வரவேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்க எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அவர் அந்த அட்டையை அக்காவிடமே நீட்டினார். அக்கா முதலில் தயங்கினார். பிறகு, காசு கட்டி விளையாடுவதில்லையே, கம்பெனி சும்மா கொடுக்கிற பரிசுதானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, கல்லாவிலிருந்து இருபது காசை எடுத்துச் சுரண்டினார். இரண்டாம் பரிசு. கடையே எழுந்து நின்றது. ஹாங்காங் டாலரில் எழுதியிருந்த தொகையின் பூஜ்ஜியங்களை ஆளாளுக்கு விரல் வைத்து எண்ணினார்கள்.

அட்டையில் இருந்த எண்ணுக்கு நல்லம்மாள் போன் செய்தார். எடுத்தது ஒரு தமிழ்ப்பெண். வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டுப் பேசினாளாம். பரிசு உறுதி, ஆனால் முதலில் வரியைக் கட்ட வேண்டும், கட்டினால்தான் பணத்தை விடுவிப்பார்கள், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் அம்மா, கண்ணு பட்டுவிடும் என்றாளாம். வரி என்று அவள் கேட்ட தொகை, வீட்டு முன்பணத்தை அப்படியே வழித்தெடுத்துவிடும். பெற்ற தாயிடம் பேசுகிற மாதிரி பேசி ஒரு விதவையின் கூரையைப் பிடுங்கப் பார்த்த அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அடுத்த வாரம் வேலம்மாவுக்கு ஓர் உறை வந்தது. அக்கா சுரண்டினார், இரண்டாம் பரிசு. முருகையாவுக்கு வந்தது. அதுவும் இரண்டாம் பரிசு. அவர்கள் இருவருக்கும் வரி கட்டக் கையில் காசில்லை, அதனால் தப்பித்தார்கள். கடையில் ஒரே கொண்டாட்டம். அக்கா கை பட்டால் மண்ணும் பொன்னாகும் என்று முருகையா உரக்கச் சொன்னார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று அட்டைகளையும் கல்லா மேசையில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் செய்கிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எந்தக் கடையிலும் வருகிறவர்களுக்கெல்லாம் ஓசியில் பிரியாணி போட மாட்டார்கள்.

அன்றே நல்லம்மாளிடம் அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இது மோசடி, பணம் கட்டாதே என்று சொன்னார். நல்லம்மாள் கேட்கவில்லை. இந்த மாதிரி உறைகளால் ஏமாந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை நான் கைப்பேசியில் காட்டினேன். அது வேறு கம்பெனி தம்பி என்றார். பவனேஷ் வீட்டில் சண்டை போட்டுப் பார்த்தான். அம்மாவுக்கு நல்லது நடந்தால் பிள்ளைக்கே பொறுக்கவில்லை என்று அழுதாராம். அக்கா மறுபடி ஒரு நாள் கடையை அப்படியே விட்டுவிட்டு லயத்துக்கே நடந்து போனார். அங்கே நல்லம்மாள் சொன்ன பதிலை அக்கா என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"அந்தக் கடுதாசிய நான் நம்பலக்கா. உங்க கையத்தான் நம்புறேன். உங்க கையால விழுந்தது பொய்யாப் போவுமா?"

அக்கா தன் கைக்கு ராசியே கிடையாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். அடக்கமாகப் பேசுகிறார் என்றார்கள். கோபப்பட்டார். கண்ணேறு படாமல் இருக்க அப்படித் திட்டுகிறார் என்றார்கள். அவர் மறுக்க மறுக்க நல்லம்மாளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. ஊர் ஆசையாகக் கொடுத்த ஒரு பெயர் இப்படித் தொண்டையில் முள்ளாகச் சிக்கும் என்று அக்கா கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கடைசியில் நல்லம்மாள் என்னிடம் வந்தார். மறுநாள் காலை வேனில் ரவாங்குக்கு வருகிறேன், வங்கி திறந்ததும் வரியைக் கட்ட வேண்டும் என்றார். ஏற்ற மாட்டேன் என்றால் பேருந்தில் போய்விடுவார். சரி என்று சொல்லிவிட்டு நேரே அக்காவிடம் போனேன். அவர் பிஸ்கட் டின்னிலிருந்து ஓர் உறையை எடுத்துக் காட்டினார். அதே தங்க எழுத்து. அன்றைக்கு வந்தது, கடையின் பெயருக்கே வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை. பாய் அப்போதுதான் கல்லைச் சூடேற்றியிருந்தார். நானும் பவனேஷும் வேன் பக்கத்தில் நின்றோம். அவன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தி இரண்டு நாளாகியிருந்தது. நல்லம்மாள் நல்ல சேலை உடுத்தி, வங்கிப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். முதல் டீக்குக் காசு கொடுத்துப் போணி செய்துவிட்டு, அந்தப் பையை அக்கா தொட்டுக் கொடுக்க வாங்கிக்கொண்டு கிளம்புவது அவருடைய திட்டம். அக்கா காசை வாங்கவில்லை. கொஞ்சம் உட்காரச் சொன்னார். பிறகு வாசலுக்கு வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"சேதுண்ணே, உள்ள வாங்க."

சேதுண்ணன் மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை. "இன்னும் போணி ஆவலியே தங்கச்சி" என்றார்.

"நீங்கதான் போணி. வாங்கண்ணே."

அவர் சாலையைக் கடந்து வந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கினார், ஏதோ கோயிலுக்கு வந்தவர் மாதிரி. வேலம்மாவும் முருகையாவும் அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள். முருகையாவின் முகம் கறுத்துவிட்டது. இன்றைக்கு இந்தக் கடையில் என்ன விழப்போகிறதோ என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

அக்கா எல்லார் முன்னாலும் உறையைக் கிழித்தார். அட்டையை எடுத்துச் சேதுண்ணன் முன்னால் வைத்தார். அதன்மேல் இருபது காசை வைத்தார். சேதுண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேண்டாம், பாவம், யாருக்காவது நல்லது வரப்போகிற நேரம், தன்னைக் கொண்டு கெடுக்க வேண்டாம் என்று முனகினார். அக்கா விடவில்லை. அவர் கையைத் தானே பிடித்து முன்னால் இழுத்து, காசை விரலுக்குள் வைத்தார். ஓர் ஆண்பிள்ளையின் கையை ஹமீதாக்கா பிடித்ததை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. பாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சேதுண்ணன் சுரண்டினார். வெள்ளிப்பூச்சு பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. பவனேஷ் குனிந்து வாசித்தான். இரண்டாம் பரிசு. அதே தொகை, அதே பூஜ்ஜியங்கள்.

நல்லம்மாள் எழுந்து வந்து அட்டையைக் கையில் எடுத்தார். தன் பையிலிருந்த அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கையால் விழுந்தால் அது பரிசு. சேது கையால் எப்படி விழும்? அந்தக் கேள்வி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. முதலில் சிரித்தது சேதுண்ணன்தான்.

"என் கையில பரிசு விழுதுன்னா, அது களவாணிக் கம்பெனிதான்லா."

முருகையா சிரித்தார், வேலம்மா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. நல்லம்மாள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, பையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். பவனேஷ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நான் வேன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். எனக்கு நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. மூணு அட்டைய நான் சொரண்டுனேன், ஒண்ண அவரு சொரண்டுனாரு. எல்லாத்துலயும் ஒரே பரிசுதான் விழுந்துச்சு. அப்ப என் கைக்கும் அவரு கைக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்க. இத்தன வருசமா அவர வெளிய ஒக்கார வச்சுட்டு உள்ள டீ ஆத்துனேனே, எனக்கு வெக்கமா இருக்கு."

அப்போதுதான் பாய் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் பேசப்போகிறார் என்பதே ஓர் அதிசயமாக இருந்தது.

"இந்தக் கடைய தொறந்த அன்னைக்கி, மொத ரொட்டி இவருக்குத்தான் போட்டேன்."

அக்காவுக்கே அது மறந்துவிட்டிருந்தது. சேதுண்ணனுக்கு மறக்கவில்லை. ரொட்டி கருகியிருந்தது, இருந்தாலும் முழுசாகத் தின்றேன் என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். பாய் உள்ளே போய் ஒரு ரொட்டியை வீசினார். அன்றைக்குக் கருகவில்லை. சேதுண்ணன் கொடுத்த வெள்ளி நோட்டை அக்கா வாங்கிக் கல்லாவுக்குள் முதல் நோட்டாகப் போட்டார். முருகையா மதியம்வரை எதையோ எதிர்பார்த்து மின்விசிறிக்குக் கீழே உட்காராமல் இருந்தார். ஒன்றும் விழவில்லை. மீன் கறி மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோனது.

ஊர் திருந்திவிட்டதா என்றால், ஊர் அவ்வளவு சுலபத்தில் திருந்தாது. இப்போது தங்க எழுத்து உறை எது வந்தாலும் நேரே சேதுண்ணனிடம் கொண்டுபோகிறார்கள். அவர் கையால் பரிசு விழுந்தால் மோசடி என்று கண்டுபிடித்துவிடலாமாம். விழாத அட்டை ஒன்றுகூட இதுவரை வரவில்லை. அந்த அட்டைகளை அக்கா கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் சேதுண்ணன் விளக்கிச் சொல்லுகிறார். சொல்லும்போது அவர் குரல் பழையபடி அடங்கி ஒலிப்பதில்லை. காலையில் சில நாள் எனக்கு முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் பேருந்து நிற்குமிடம் காலியாகக் கிடக்கிறது.

நல்லம்மாள் முன்பணத்தை மாதக் கடைசிக்கு முன்பே கட்டினார். சாவி கைக்கு வர அடுத்த வருடம் ஆனது. பால் காய்ச்சுகிற அன்று என் வேனில்தான் எல்லாரும் புஞ்சாக் ஆலாமுக்குப் போனோம். அக்கா பெரிய தூக்கில் பாயசம் கொண்டுவந்தார். மாடிப்படி ஏறி வீட்டு வாசலில் நின்றோம். கதவில் நம்பர் இருந்தது. நல்லம்மாள் அந்த நம்பரை முந்தானையால் துடைத்தார். சாவியை அக்காவிடம்தான் கொடுப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அக்காவும் அப்படி நினைத்திருக்க வேண்டும், தூக்கைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார்.

நல்லம்மாள் சாவியைச் சேதுண்ணன் கையில் வைத்தார்.

அவர் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு சாவியைத் துவாரத்தில் நுழைத்துத் திருப்பினார். திரும்பவில்லை. மறுபடி திருப்பினார். அசையவில்லை. என் பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. சேதுண்ணன் சாவியை உருவி நல்லம்மாளிடம் நீட்டி, நான் கீழே இருக்கிறேன், நீங்கள் திறந்துகொள்ளுங்கள் என்று ஒதுங்கப் பார்த்தார்.

நல்லம்மாள் அதை வாங்கவில்லை.

"புதுப் பூட்டுண்ணே, அப்படித்தான் இருக்கும். இன்னொரு தடவ திருப்புங்க. நீங்க தொறக்கறவரைக்கும் நாங்க இங்கயேதான் நிப்போம்."

அவர் திருப்பினார். கதவு திறந்தது. நல்லம்மாள் அவரைத்தான் முதலில் உள்ளே போகச் சொன்னார்.